ஜப்பானியர் டீ போட்ட கதை

ஆண்டு மலருக்குக் கட்டுரை வேண்டும் என்று சங்கச் செயலாளர் போனில் கேட்டபோது, "சார், எனக்கு மெஷினைத் தவிர வேறொன்றும் தெரியாதே" என்றேன். "தெரிஞ்சதை எழுதுப்பா, யாரும் பேப்பர் திருத்தப் போறதில்லை" என்றார். அந்தத் தைரியத்தில்தான் எழுதுகிறேன். பிழை இருந்தால் பொறுத்தருள்க.

விஷயம் டீ. நம் கல்லூரியில் படித்தவர்களுக்கு டீயைப் பற்றி முன்னுரை எதற்கு? பரீட்சைக்கு முந்தின ராத்திரி, ரெண்டு டீயை மூணாப் பிரித்துக் குடித்துப் பாஸ் செய்தவர்கள்தானே நாம்! நமக்கு டீ என்றால் கொதிக்க வேண்டும். பாலும் சர்க்கரையும் சேர வேண்டும். மாஸ்டர் ஓர் ஆள் உயரத்துக்குத் தூக்கி ஆற்ற வேண்டும். இந்த இலக்கணம் முழுவதும் ஒரே நாளில் பொய்யாகிப் போன அனுபவம் எனக்கு 2019-ல் ஏற்பட்டது.

வேலை விஷயமாக ஆறு மாதப் பயிற்சிக்கு ஜப்பானில் ஷிசுவோக்கா மாகாணத்தில் உள்ள ஹமாமட்சு நகரத்துக்கு என்னை அனுப்பியிருந்தார்கள். கடையில் அழகான பாக்கெட்டைப் பார்த்து 'செஞ்சா' என்ற பச்சைத் தேயிலையை வாங்கி வந்தேன். தளதளவென்று கொதிக்கும் தண்ணீரை ஊற்றி ஐந்து நிமிஷம் மூடி வைத்தேன். குடித்தால், வேப்பிலைக் கஷாயம் தோற்றது போங்கள்! அவ்வளவு கசப்பு.

மறுநாள் தொழிற்சாலையில் ஓய்வுபெறும் வயதிலிருந்த மேற்பார்வையாளர் ஒருவரிடம் இதைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. சாப்பாட்டு இடைவேளையில் என்னைக் கூட்டிக்கொண்டு போய், கெட்டில் தண்ணீரை முதலில் கோப்பைகளில் ஊற்றினார். சற்றுப் பொறுத்து அதை இன்னொரு பாத்திரத்துக்கு மாற்றினார். அதன் பிறகுதான் இலை போட்டிருந்த 'க்யூசு' என்ற பக்கவாட்டுப் பிடி வைத்த சின்ன மண் கூஜாவில் ஊற்றினார். இரண்டு நிமிஷம் பேச்சே இல்லை. பிறகு மூன்று கோப்பைகளிலும் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றி மாற்றி வார்த்து, கடைசிச் சொட்டு வரை உதறினார். அந்தக் கடைசிச் சொட்டில்தான் ருசி இருக்கிறதாம்.

குடித்துப் பார்த்தேன். அதே பாக்கெட், அதே தண்ணீர். ஆனால் கசப்பு போன இடம் தெரியவில்லை. லேசான இனிப்பு, பருப்பு வேகவைத்த தண்ணீர் மாதிரி நாக்கில் தங்கும் ஒரு சுவை. அன்று பிடித்த பைத்தியம்தான் இந்தக் கட்டுரை.

துறவியும் தளபதியும்

ஜப்பானுக்குத் தேயிலை சீனாவிலிருந்து வந்தது. 815-ஆம் ஆண்டிலேயே சாகா என்ற பேரரசருக்கு ஒரு பௌத்தத் துறவி டீ போட்டுக் கொடுத்ததாக அரசாங்க வரலாற்றுக் குறிப்பு இருக்கிறது. ஆனால் அது வேரூன்றியது எய்சாய் என்ற ஜென் துறவி 1191-ல் சீனாவிலிருந்து திரும்பி வந்த பிறகுதான். தேநீரின் மருத்துவ குணங்களைப் பற்றி அவர் 1211-ல் ஒரு நூலும் எழுதினார். 1214-ல் ஷோகன் சனெதோமோ முந்தின நாள் குடித்த மதுவால் தலை தூக்க முடியாமல் கிடந்தபோது, எய்சாய் ஒரு கோப்பைத் தேநீரையும், கூடவே தேநீரின் பெருமை சொல்லும் சுவடியையும் கொடுத்தனுப்பினார். மார்க்கெட்டிங் என்றால் இதுவல்லவோ மார்க்கெட்டிங்!

அந்தக் காலத்துத் தேநீர் இலையைப் பொடித்து வெந்நீரில் அடித்துக் கலக்குவது. இன்று உலகமெல்லாம் பேசும் 'மாச்சா' அதன் வழி வந்ததுதான். சீனாவில் மிங் வம்சத்தின் முதல் பேரரசர் 1391-ல் அச்சில் அழுத்திய தேயிலைக் கட்டிகளைக் கப்பமாகப் பெறுவதை நிறுத்தினார். நாளடைவில் அங்கே பொடித் தேநீர் மறைந்து இலைத் தேநீர் வந்தது. ஜப்பான் மட்டும் பழையதை விடாமல் பிடித்துக்கொண்டது.

ருசி பார்ப்பது ஒரு வித்தையாக வளர்ந்ததும் அங்கேதான். கியோட்டோவுக்கு அருகில் தொகானோ என்ற மலைப்பகுதியில், எய்சாய் தந்த விதையை மியோயே என்ற துறவி நட்டதாகச் சொல்வார்கள். அங்கே விளைந்ததற்கு 'அசல் டீ' என்று பெயர். மற்ற ஊர்களில் விளைந்தது 'அசல் அல்லாத டீ'. பதினான்காம் நூற்றாண்டில் பிரபுக்கள் கூடி, எந்தக் கோப்பையில் அசல், எதில் மற்றது என்று கண்டுபிடிக்கும் பந்தயம் நடத்தினார்கள். பணயம் எல்லை மீறிப் போய், 1336-ல் வெளியான அரசுச் சட்டத்திலேயே இந்தக் கூட்டங்களைக் கண்டிக்க வேண்டி வந்தது. டீக்கடைப் பெஞ்சில் பந்தயம் கட்டுவது நாம் கண்டுபிடித்ததல்ல நண்பர்களே!

ஐம்பத்தேழு வயதில் ஒரு கண்டுபிடிப்பு

பிரபுக்களும் மடங்களும் மாச்சா குடித்துக்கொண்டிருக்க, சாதாரண ஜனங்கள் குடித்தது பழுப்பு நிறத்தில் வேகவைத்த முரட்டு இலை. 1654-ல் சீனத் துறவி இங்கென் ஜப்பானுக்கு வந்தார். அவரோடு இலையை வெந்நீரில் ஊறவைத்துக் குடிக்கும் சீன வழக்கமும் வந்தது. அந்த மரபில் வந்த பைசாவோ என்ற முன்னாள் துறவி, கியோட்டோ தெருக்களில் பாத்திரங்களைச் சுமந்து சென்று டீ விற்றார். கொடுத்ததை வாங்கிக்கொள்வார். தன் காலத்துக்குப் பிறகு யாரும் அவற்றைப் பூஜைப் பொருளாக்கிவிடக் கூடாது என்று, 1755-ல் தன் பாத்திரங்களைத் தானே தீயிலிட்டார்.

ஆனால் இன்றைய செஞ்சாவைத் தந்தவர் ஒரு விவசாயி. ஊஜி பக்கத்தைச் சேர்ந்த நகதானி சோவென், 1681-ல் பிறந்தவர். நல்ல தளிர்களைப் பறித்து, ஆவியில் வேகவைத்து, கீழே கனல் உள்ள காகித மேடையில் போட்டுக் கையால் உருட்டிக்கொண்டே உலர்த்தும் முறையை 1738-ல் அவர் உருவாக்கினார். அப்போது அவருக்கு வயது ஐம்பத்தேழு! (நாற்பது நெருங்குகிறதே என்று கவலைப்படும் என் வகுப்புத் தோழர்கள் கவனிக்க.) சரக்கை எடோ நகரத்துக்கு, அதாவது இன்றைய டோக்கியோவுக்கு, எடுத்துச் சென்றார். யமமோத்தோ கஹெய் என்ற வியாபாரி வாங்கி விற்க, நாடெங்கும் பரவிற்று. 1835-ல் அதே கடை மரபில் வந்த ஆறாவது கஹெய், நிழலில் வளர்த்த இலையிலிருந்து 'கியோகுரோ' என்ற உயர்ரகத்தைக் கொண்டு வந்ததாகச் சொல்கிறார்கள்.

ஆவியில் ஏன் வேகவைக்க வேண்டும்? பறித்த இலையை அப்படியே விட்டால் அதிலுள்ள நொதிகள் வேலை செய்து இலை கறுக்கும். நம் ஊர் கறுப்புத் தேயிலை அப்படித்தான் உண்டாகிறது. பறித்தவுடன் அரை நிமிஷம், முக்கால் நிமிஷம் ஆவி காட்டினால் நொதி செயலிழக்கும், பச்சை நிற்கும். உருட்டுவது வெறும் அழகுக்கு அல்ல. இலைக்குள் இருக்கும் ஈரத்தை வெளியே கொண்டுவந்து சீராக உலர்த்துவதற்கு. ஊசி போன்ற வடிவம் அதனால்தான்.

கத்தியை வைத்துவிட்டு மண்வெட்டி

ரயிலில் கனாயா பக்கம் போகும்போது மகினோஹாரா மேட்டு நிலம் முழுவதும் பாய் விரித்தாற்போல் தேயிலை தெரியும். நடுநடுவே கம்பத்தின் உச்சியில் மின்விசிறிகள். "செடிக்கு ஃபேனா?" என்று கேட்டேன். வசந்த கால ராத்திரியில் தரையை ஒட்டிய காற்று குளிர்ந்து உறைபனி விழும். சில மீட்டர் மேலே காற்று வெதுவெதுப்பாக இருக்கும். அதைக் கீழே தள்ளத்தான் இந்த ஃபேன். எளிய எஞ்சினியரிங், எவ்வளவு நல்ல எஞ்சினியரிங்!

அந்தத் தோட்டத்தை உண்டாக்கியவர்கள் யார் தெரியுமா? வேலையிழந்தவர்கள். 1867-ல் தோக்குகாவா ஷோகன் ஆட்சியை ஒப்படைத்ததும் அவருடைய சாமுராய்களுக்குப் பிழைப்புப் போயிற்று. 1869-ல் அவர்களில் ஒரு கூட்டம் இந்தத் தரிசில் குடியேறித் தேயிலை பயிரிடத் தொடங்கியது. பக்கத்தில் ஓய் ஆற்றில் பாலம் கட்ட ஷோகன் காலத்தில் அனுமதி இல்லை. பயணிகளைத் தோளில் சுமந்து அக்கரை சேர்க்கும் சுமையாட்கள் இருந்தார்கள். 1870-ல் அந்த முறை ஒழிந்தது. அவர்களிலும் பலர் இங்கே வந்து சேர்ந்தார்கள்.

இதே 1869-ல்தான் இலங்கையில் காப்பிச் செடியை இலைநோய் தாக்கியது. காப்பி அழிந்து தேயிலை வந்தது. அதைக் கிள்ளியது நம் தமிழ் மக்களின் கைகள். ஜப்பான் பச்சைத் தேயிலைக்குப் பெரிய சந்தையாக இருந்தது அமெரிக்கா. பின்னாளில் அந்தச் சந்தையை இந்திய, இலங்கைக் கறுப்புத் தேயிலை பிடித்துக்கொண்டது. அங்கே கூலி இழந்தவர்களும் இங்கே லயத்தில் கிடந்தவர்களும் ஒருவரையொருவர் பார்த்ததே இல்லை. ஏற்றுமதி சரிந்த பிறகுதான் நல்ல செஞ்சா ஜப்பானின் சாதாரண வீடுகளில் தினசரிப் பானமாகப் பரவியது.

டாக்டர் செய்த மெஷின்

நம்மவர்களுக்குப் பிடித்த பகுதி இனிமேல்தான். ஜப்பானில் காப்புரிமைச் சட்டம் வந்தது 1885-ல். முதல் எண் துருப்பிடிக்காத பெயிண்டுக்கு. இரண்டு, மூன்று, நான்கு ஆகிய மூன்று எண்களும் ஒரே ஆளுக்கு, தேயிலை மெஷின்களுக்கு! அவர் தக்காபயாஷி கென்சோ, 1832-ல் பிறந்த மருத்துவர். கையால் உருட்டினால் நாள் முழுதும் உழைத்தும் கொஞ்சம்தான் கிடைக்கிறது, ஏற்றுமதிக்குக் கட்டுபடியாகவில்லை என்று பார்த்து, சொந்தப் பணத்தைப் போட்டு இறங்கினார். அவருடைய உருட்டும் மெஷினுக்கு 1898-ல் காப்புரிமை கிடைத்தது. 1901-ல் காலமானார்.

இன்றைக்கும் ஜப்பான் தேயிலை ஆலைக்குள் போனால் ஆவி, முதல் உருட்டல், அழுத்தி உருட்டல், நடு உருட்டல், இறுதி உருட்டல், உலர்த்தல் என்று வரிசையாக மெஷின்கள் நிற்கும். ஒவ்வொன்றும் அந்தக் காகித மேடையில் ஒரு ஜோடிக் கை செய்த ஓர் அசைவு. கையை ஒதுக்கிவிட்டு வந்த மெஷின் அல்ல, கையைப் பார்த்துப் படித்த மெஷின். கையால் உருட்டுவதை மறக்காமல் பயிற்சி தரும் சங்கங்களும் ஷிசுவோக்காவில் இருக்கின்றன.

செடியிலும் ஒரு கதை. சுகியாமா ஹிகோசபுரோ என்பவர் 1908-ல் தன் தோட்டத்து மூங்கில் புதருக்கு வடக்கே நின்ற ஒரு செடியைத் தேர்ந்தெடுத்தார். 'புதருக்கு வடக்கு' என்ற பொருளில் அதற்கு 'யாபுகித்தா' என்றே பெயர். அவர் 1941-ல் மறைந்தார். அரசு அதை ரகமாகப் பதிவு செய்தது 1953-ல். இன்று ஜப்பானில் மிக அதிகமாகப் பயிராகும் ரகம் அதுதான்.

எழுபது டிகிரி ரகசியம்

சரி, அந்த மேற்பார்வையாளர் தண்ணீரை ஏன் ஆற்றினார்? கசப்பும் துவர்ப்பும் தருபவை கேட்டகின், காஃபின். சுஜிமுரா மிச்சியோ என்ற பெண் விஞ்ஞானி 1929-ல் பச்சைத் தேயிலையிலிருந்து கேட்டகினைப் பிரித்தெடுத்தார். 1932-ல் ஜப்பானின் முதல் பெண் வேளாண்மை டாக்டர் பட்டமும் பெற்றார். இனிய சுவை தருவது 1949-ல் கண்டறியப்பட்ட தியானின் என்ற அமினோ அமிலம். தியானின் ஆறிய தண்ணீரிலும் இறங்கும். கேட்டகினுக்குச் சூடு வேண்டும். ஆகவே சூட்டைக் குறைத்தால் இனிப்பு முந்தும், கசப்பு பிந்தும். வெயில் பட்டால் தியானின் குறைந்து கேட்டகின் கூடும். கியோகுரோ செடிக்குச் சுமார் இருபது நாள் நிழல் போடுவதும் அதனால்தான்.

கணக்கு இதோ. நல்ல செஞ்சா என்றால் மூன்று பேருக்கு 6 கிராம் இலை, 170 மில்லி தண்ணீர், 70 டிகிரி, 2 நிமிஷம். கியோகுரோவுக்கு 10 கிராம், வெறும் 60 மில்லி, 50 டிகிரி, இரண்டரை நிமிஷம். ஆளுக்குச் சொட்டு மருந்து அளவுதான் வரும்! தெர்மாமீட்டர் வேண்டாம். ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும்போதெல்லாம் 5 முதல் 10 டிகிரி வரை குறையும். நம் டபரா டம்ளரே போதும். ஆற்றத் தெரியாதவர்களா நாம்? ஒன்றே வித்தியாசம்: நாம் டீயை ஆற்றுகிறோம், அவர்கள் தண்ணீரை ஆற்றுகிறார்கள்.

ஒரு வேடிக்கை. தரம் பார்க்கும் நிபுணர்கள் மட்டும் 3 கிராம் இலையில் கொதிக்கும் தண்ணீரைத்தான் ஊற்றுவார்கள். குறை இருந்தால் வெளியே வரட்டும் என்று! ருசிக்க ஆறிய நீர், சோதிக்கக் கொதிநீர்.

கடைசிச் சொட்டு

1985-ல் அங்கே டப்பாவில் அடைத்த பச்சைத் தேநீர் விற்பனைக்கு வந்தது. பிறகு பாட்டில். இன்று க்யூசு இல்லாத வீடுகள் பெருகிவிட்டன. உலகமெங்கும் மாச்சாவுக்குக் கிராக்கி. 2024-ல் முதல்நிலைத் தேயிலை உற்பத்தியில் ககோஷிமா மாகாணம் முதன்முறையாக ஷிசுவோக்காவை முந்திவிட்டது. அங்கே சமவெளி, பெரிய மெஷின். இங்கே சரிவு நிலம், வயதான கைகள்.

ஊர் திரும்பியதும் என் கம்பெனியில் எனக்குக் கொடுத்த முதல் வேலை, இருபது வருஷமாக ஓர் அண்ணன் கையால் செய்துவந்த ஒரு வேலையை மெஷினுக்கு மாற்றுவது. தக்காபயாஷியை நினைத்துக்கொண்டு, வரைபடம் போடுமுன் ஒரு மாதம் அவர் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பார்த்தேன். மெஷின் நன்றாக வந்தது. எல்லோரும் பாராட்டினார்கள். அந்த அண்ணனுக்கு வேறு பொறுப்பு தருவார்கள் என்று நான் நம்பியிருந்தேன். தரவில்லை. மறு வருஷமே வேலையை விட்டுப் போய்விட்டார். அவர் கையிலிருந்து நான் எடுத்துக்கொண்டதற்கு வரைபடத்தில் அவர் பெயர் கூட இல்லை. கேட்டு எழுதியிருக்கலாம். எனக்குத் தோன்றவில்லை.

இப்போது படிக்கும் தம்பி தங்கைகளுக்கு இதைத்தான் சொல்ல வந்தேன். மெஷின் செய்யுங்கள், அது நம் தொழில். ஆனால் யார் கையைப் பார்த்துச் செய்தீர்களோ, அவருக்கு என்ன வழி என்ற கேள்வியையும் அதே வரைபடத்தில் போடுங்கள். எனக்கு வாய்த்த அடுத்த வேலையில் அதைக் கேட்டேன். இந்த முறை பதில் கிடைத்தது.

ஷிசுவோக்கா செஞ்சா ஒரு பாக்கெட் இன்னும் பிரிக்காமல் வைத்திருக்கிறேன். சந்திப்பு நாளன்று கொண்டு வருகிறேன். தண்ணீர் ஆறும் வரை பேசிக்கொண்டிருக்கலாம், வாருங்கள்.