உதிரிகள்: மணியாச்சிக் கைத்துப்பாக்கி குறித்துச் சில பக்கங்கள்

1911 ஜூன் 17 காலை மணியாச்சி ரயில் நிலையத்தில் திருநெல்வேலி கலெக்டர் ஆஷைச் சுட்டுவிட்டு, பிளாட்பாரத்துக் கழிப்பறைக்குள் ஓடித் தன்னையும் சுட்டுக்கொண்ட வாஞ்சிநாதனிடம் இரண்டு பொருள்கள் இருந்தன. ஒன்று, சட்டைப்பையில் ஒரு கடிதம். மற்றது, பெல்ஜியத்தில் செய்த பிரௌனிங் தானியங்கிக் கைத்துப்பாக்கி. கடிதத்தை நாம் விடாமல் வாசித்து வந்திருக்கிறோம். அதில் ஐந்தாம் ஜார்ஜைப் 'பஞ்சமன்' என்று இழித்திருக்கும் இடத்தை வைத்து, இது தேசபக்தியா சனாதனமா என்று ஒருவரையொருவர் கிழித்துக்கொண்டும் இருக்கிறோம். அந்தச் சண்டை தேவையானதுதான், அதில் எனக்கும் ஒரு பக்கம் உண்டு. ஆனால் இரண்டாவது பொருளைக் கடிதத்தை வாசித்த அளவுக்கு நாம் வாசிக்கவில்லை. சினிமாவில் வருகிற மாதிரி, வீரன் கையை நீட்டியதும் அது வெடித்துவிடுகிறது. அதோடு அதன் கதை முடிந்தது.

எனக்கே இது உறைத்தது ஒரு ரிப்பேர் கடையில்தான். நண்பர் ஒருவருக்குத் தாத்தா வழியாக, லைசென்ஸோடு, பழைய பெல்ஜியம் பிஸ்டல் ஒன்று வந்து சேர்ந்தது. தேர்தல் அறிவித்ததும் ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும், அதற்கு முன்னால் ஒருதரம் காட்டிவிடலாம் என்று தென்மாவட்டத்தில் உரிமம் பெற்ற கடை ஒன்றுக்குப் போனோம். அண்ணாச்சிக்கு எழுபது வயதிருக்கும். கழற்றிப் பார்த்துவிட்டு, "ஸ்பிரிங் செத்துப்போச்சு தம்பி" என்றார். புதுசு எங்கே கிடைக்கும் என்று நண்பர் கேட்டார். "இதுக்கு எங்கய்யா புதுசு? வெளிநாட்டுச் சரக்கு வரத்து நின்னே எத்தனையோ வருசமாச்சு. இன்னொண்ணு செத்தாத்தான் அதுலேருந்து எடுக்கணும்." சின்ன டப்பா ஒன்றைத் திறந்து காட்டினார். ஸ்பிரிங், ஊசி, திருகாணி. எடுத்துப் பார்க்கலாமா என்று நான் கையை நீட்டியபோது மூடிவிட்டார். "இதுக்கும் கணக்கு உண்டு. ரிஜிஸ்டர்ல ஏத்தணும்லா."

உதிரிக்குக் கணக்கு. 'உதிரி' என்றால் பாட்டாளி வர்க்கத்தின் உதிரிகளையே நினைத்துப் பழகிப்போன எனக்கு அந்தச் சொல் அன்று வேறு பக்கம் திரும்பியது. லிட்டனின் 1878 ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தை எடுத்துப் பாருங்கள். 'ஆயுதம்' என்பதற்கு வரையறை சொல்லும் இடத்தில் துப்பாக்கி, வாள், ஈட்டி, வில், அம்பு என்று அடுக்கிக்கொண்டே போய், ஆயுதத்தின் பாகங்களும் ஆயுதம், ஆயுதம் செய்யும் இயந்திரமும் ஆயுதம் என்று எழுதிவைத்திருக்கிறார்கள். தாய்மொழிப் பத்திரிகைகளின் வாயைக் கட்டிய சட்டமும் அதே 1878 இல் வந்ததுதான். பத்திரிகைச் சட்டத்தை ரிப்பன் காலத்தில் எடுத்துவிட்டார்கள். ஆயுதச் சட்டம் நின்றது. வெள்ளையருக்கு அதிலிருந்து விலக்கு, நமக்கு லைசென்ஸ் என்ற இனப் பாகுபாடு முதல் உலகப்போர் முடியும்வரை ஓடியது. 1959 இல் வந்த சுதந்திர இந்தியாவின் சட்டம் விலக்குகளை மாற்றியது, பாகங்கள் பற்றிய வரையறையை மட்டும் பத்திரமாக வைத்துக்கொண்டது. துப்பாக்கி என்பது ஒரு பொருளல்ல, தொடர்ந்து நிரப்பிக்கொண்டே இருக்கவேண்டிய ஒரு வழங்கல் வரிசை என்பது அரசுக்குத் தெரிந்திருந்தது. வீரவரலாறு எழுதியவர்களுக்குத்தான் தெரியவில்லை.

அந்தத் துப்பாக்கி வந்த இடத்தைக் கொஞ்சம் பார்ப்போம். லியேஜ் நகரத்துக்குப் பக்கத்தில் எர்ஸ்தால். லியேஜ் வட்டாரத்தில் பழைய துப்பாக்கித் தொழில் வீட்டுத்தொழில். ஒருவர் குழல் செய்வார், ஒருவர் விசைப்பூட்டு, இன்னொருவர் மரப்பிடி. அரம் போட்டு ராவிப் பொருத்தினால்தான் சேரும். ஒன்றின் திருகாணி மற்றதில் ஏறாது. 1889 இல் பெல்ஜிய ராணுவத்துக்கு 1,50,000 மௌசர் ரைஃபிள் செய்வதற்காக எஃப்.என். தொழிற்சாலை தொடங்கியபோது நிலைமை தலைகீழானது. பாகங்கள் ஒன்றுக்கு ஒன்று மாறிப் பொருந்தவேண்டும். பொருத்துகிறவனின் கைத்திறன் இயந்திரத்தின் அளவுக்குள் போய்விடுகிறது. அமெரிக்கர் ஜான் பிரௌனிங்கின் வடிவமைப்பு இந்தத் தொழிற்சாலையில்தான் 1900 மாதிரியாக வந்தது. தோட்டா 7.65 மில்லிமீட்டர். 1906 இல் வந்த சட்டைப்பை மாதிரி சுமார் 350 கிராம், உள்ளங்கைக்குள் அடங்கும். பெல்ஜிய ராணுவ அதிகாரியின் இடுப்பில் பிரௌனிங், 1914 இல் சரயேவோவில் பிரின்சிப்பின் கையிலும் பிரௌனிங். இதே எர்ஸ்தாலில்தான் 1966 பிப்ரவரியில் சுமார் 3,000 பெண் தொழிலாளிகள் சம வேலைக்குச் சம கூலி கேட்டு 12 வாரம் இயந்திரங்களை நிறுத்தினார்கள். துப்பாக்கி வரலாறு எழுதுகிறவர்கள் இதைப் பெரும்பாலும் தொடுவதேயில்லை.

தானியங்கி என்ற பெயரிலேயே ஒரு ஏமாற்று இருக்கிறது. ரிவால்வரில் ஒரு தோட்டா வெடிக்காவிட்டால் விசையை மறுபடி இழுக்கலாம், உருளை சுழன்று அடுத்தது வந்துவிடும். தானியங்கியில் அப்படியில்லை. வெடித்த வேகத்தில் மேல் ஸ்லைடு பின்னால் போகவேண்டும், காலிக் கூட்டை வெளியே தள்ளவேண்டும், ஸ்பிரிங் அதை முன்னால் தள்ளும்போது மேகசினிலிருந்து (நம்முடையதல்ல) அடுத்த தோட்டா ஏறவேண்டும். தோட்டாவில் மருந்து நமுத்திருந்தாலோ, மேகசினின் உதடு நெளிந்திருந்தாலோ, ஸ்பிரிங் தளர்ந்திருந்தாலோ நின்றுவிடும். 1900 மாதிரியில் ஸ்லைடை முன்னால் தள்ளுவதும், ஊசியை அடிக்கவைப்பதும் ஒரே ஸ்பிரிங்தான். அது போனால் இரண்டும் போச்சு. ஆக, தனிமனிதச் சாகசத்தின் சின்னமாகிவிட்ட இந்தப் பொருள்தான் தன் தொழிற்சாலையை அதிகம் சார்ந்து நிற்பது.

பராமரிப்பு இன்னொரு சங்கதி. அந்தக் காலத் தோட்டாவின் அடியில் தீ மூட்டும் மருந்தில் பொட்டாசியம் குளோரேட் உண்டு. சுட்டபின் அது குழலுக்குள் ஒரு உப்பாகப் படியும். உப்பு ஈரத்தை இழுக்கும், இரும்பைத் தின்னும். எண்ணெய் மட்டும் போட்டால் உப்பு கரையாது. முதலில் தண்ணீரால் கழுவி, ஈரமில்லாமல் துடைத்து, பிறகுதான் எண்ணெய். புதுச்சேரியில் வ.வே.சு. ஐயர் இளைஞர்களுக்குச் சுடும் பயிற்சி கொடுத்தார் என்று 1918 ஆம் ஆண்டு ராஜத்துரோகக் கமிட்டி அறிக்கை சொல்கிறது. நம் வரலாறுகளும் பெருமையோடு திருப்பிச் சொல்கின்றன. பயிற்சி என்றால் தோட்டா செலவு. கடற்காற்றில் பயிற்சி என்றால் அன்றன்றைக்கே கழுவித் துடைக்கிற வேலை. கீதையும் மாஜினியும் வாசித்த கை, வெந்நீரும் கந்தலும் எடுத்திருக்கவேண்டும். இந்தத் துடைக்கிற வேலைக்கு நம் எழுத்தில் இடமில்லை. உழைப்பை வாக்கியத்துக்கு வெளியே தள்ளிவைப்பது நமக்குப் பழகிய விஷயம்.

வழங்கல் வரிசை என்று மேலே சொன்னேன். 1909 இல் சாவர்க்கர் லண்டனிலிருந்து 20 பிரௌனிங்குகளைச் சதுர்புஜ் அமீன் என்பவரின் பெட்டியில் பொய்யடி வைத்து அனுப்பினார். அந்த ஆண்டு டிசம்பர் 21 அன்று நாசிக் கலெக்டர் ஜாக்சனைச் சுட்டது அவற்றில் ஒன்று. துப்பாக்கியைப் பிடித்துக்கொண்டே போலீஸ் பெட்டிவரை போய்விட்டது. 1914 ஆகஸ்ட் 26 அன்று கல்கத்தாவில் ரோடா கம்பெனிச் சரக்கிலிருந்து 50 மௌசர் பிஸ்டல்களையும் 46,000 தோட்டாக்களையும் வங்கப் புரட்சியாளர்கள் தூக்கினார்கள். ஆளுக்கு ஆள் பிஸ்டலைத்தான் கொண்டாடுகிறார்கள், நான் தோட்டா எண்ணிக்கையைப் பார்க்கிறேன். ஒரு பிஸ்டலுக்கு 920. அதன் பின் ஆண்டுக்கணக்காக வங்காளத்தில் அவை வெடித்துக்கொண்டிருந்ததற்குக் காரணம் அது. எதிர்ப்பக்கத்துக்கு 1930 ஏப்ரல் 18, சிட்டகாங். சூர்யா சென் குழு ஆயுதக் கிடங்கைப் பிடித்தது, லூயிஸ் இயந்திரத் துப்பாக்கிகளும் கையில் கிடைத்தன, தோட்டா கிடைக்கவில்லை. அதை வேறிடத்தில் வைத்திருந்தார்கள். அவ்வளவு தியாகத்தையும் ஒரு ஸ்டோர் ஏற்பாடு மடக்கிவிட்டது.

நம் கொல்லர்கள் எங்கே போனார்கள் என்று கேட்கலாம். பாளையக்காரர்களை ஒடுக்கியபின் 1801 டிசம்பர் 1 அன்று வந்த எட்வர்டு கிளைவின் பிரகடனம் தென்சீமையின் ஆயுதங்களைக் கீழே வைக்கச் சொன்னது. ஆயுதத்தைப் பிடுங்கினால் ஆயுதம் செய்கிற கையும் தொழில் மறக்கும். எல்லா இடத்திலும் இப்படித்தான் என்று சொல்லிவிட முடியாது. பீகாரின் முங்கேரில் மீர் காசிம் காலத்திலிருந்து துப்பாக்கித் தொழில் தொடர்ந்தது. எல்லைப்புறத்துத் தர்ரா கொல்லர்கள் கம்பெனி பிஸ்டலைப் பார்த்து அரத்தாலேயே நகல் எடுத்தார்கள். பழைய லியேஜ் மாதிரியே அதன் பாகம் அதற்குத்தான் பொருந்தும். அதைச் செய்தவன் அதை ரிப்பேரும் பார்ப்பான். மணியாச்சித் துப்பாக்கியை ராவிச் சரிசெய்ய ஒரு பஞ்சாலங்குறிச்சிக் கொல்லரிடம் கொண்டுபோகிற காட்சி நம் கதையாடலில் நினைத்துப் பார்க்கக்கூட முடியாதது. அதற்குச் சட்டம் மட்டும் காரணமில்லை. அந்தக் கடிதத்தின் ஆசாரத்துக்கும் கொல்லுப்பட்டறைக்கும் இடையிலிருந்த தூரமும் காரணம்.

இப்போது அரசுத் தொழிற்சாலை செய்யும் .32 பிஸ்டலில் ஏறுவதும் அதே 7.65 தோட்டாதான். நண்பர் அதை வாங்கப் போவதில்லை. பழைய பிஸ்டலை அண்ணாச்சி சுத்தம் செய்து, எண்ணெய் போட்டு, செத்த ஸ்பிரிங்கையே திரும்ப மாட்டிக் கொடுத்தார். "ஒப்படைக்கத்தானே போறீங்க, இது போதும்" என்றார். ஸ்டேஷனில் ரைட்டர் அதை வாங்கி, நம்பரைப் பார்த்து எழுதிக்கொண்டு, ரசீது கொடுத்தார்.