ஐரிஷ் விஸ்கி தயாரிப்பு

அயர்லாந்தின் தென்பகுதியில், கார்க் மாவட்டத்து மிடில்டன் என்னும் ஊரில், 1825-ஆம் ஆண்டு தொடங்கிய பழைய வடிசாலைக்கு அருகிலேயே 1975-இல் திறக்கப்பட்ட புதிய வடிசாலை, ஜேம்ஸன், பவர்ஸ் முதலிய பிரசித்தி பெற்ற விஸ்கிகள் இன்று உற்பத்தியாகும் இடமாகும்.

ஐரிஷ் விஸ்கியின் விசேஷ குணம் தானியக் கலவையிலேயே தொடங்குகிறது. முளைகட்டி உலர்த்திய வாற்கோதுமையின் மீது 1785-இல் வரி விதிக்கப்பட்டபோது, அச்சுமையைக் குறைக்கும் பொருட்டு வடிப்போர் முளைகட்டாத வாற்கோதுமையையும் அதனுடன் கலக்கலாயினர். செலவைக் கருதிக் கைக்கொண்ட அவ்வழக்கம், நாவில் எண்ணெய்ப் பசைபோல் படியும் கனத்தையும் ஒருவகைக் காரமணத்தையும் மதுவுக்கு அளித்தமையால், அந்நாட்டின் தனிச் சுவையாகவே நிலைபெற்றுவிட்டது. ஐரிஷ் 'பாட் ஸ்டில்' (கொப்பரை வடிப்பு) விஸ்கி என்று பெயரிடப்படுவதில் இவ்விருவகைத் தானியமும் தனித்தனியே நூற்றுக்கு 30 பங்கேனும் இருத்தல் வேண்டும் என்பது இன்றைய விதி. முளைத் தானியத்தைப் பெரும்பாலும் புகைபடாத மூடிய சூளையில் உலர்த்துவதால், ஸ்காட்லாந்துச் சரக்குகள் சிலவற்றில் வீசும் கரிப்புகை நெடி இதில் அரிது.

அரைத்த தானியத்தை வெந்நீரில் ஊறவைக்கும்போது, முளையில் உண்டான நொதிகள் மாப்பொருளைச் சர்க்கரையாக்குகின்றன. வடித்தெடுத்த இனிப்பு நீரில் ஈஸ்ட் சேர்த்து இரண்டு மூன்று நாள் புளிக்கவிட்டால் ஊறல் பக்குவமாகும்.

ஏறத்தாழ 75,000 லிட்டர் கொள்ளும் செப்புக் கொப்பரைகளில் இவ்வூறல் மூன்று முறை காய்ச்சி வடிக்கப்படுகிறது. மேலெழும் ஆவியிலுள்ள கந்தகச் சேர்மங்களைச் செம்பு ஈர்த்துக்கொள்வதனால்தான், விலைமிக்க அவ்வுலோகத்தை நவீன ஆலையும் கைவிடவில்லை. வடிந்துவரும் திரவத்தில் முதலில் வருவதையும் கடைசியில் வருவதையும் மீண்டும் காய்ச்சுவதற்கென ஒதுக்கி, நடுப்பகுதியை மட்டும் கொள்வர்; அது தண்ணீர்போல் நிறமற்றது. மக்காச்சோளத்தை முதன்மையாகக் கொண்ட மற்றொரு ஊறல், அயர்லாந்துக் கலால் துறையில் உயர்பதவி வகித்த ஈனியஸ் காஃபி 1830-இல் காப்புரிமை பெற்ற முறையின் வழிவந்த உயர்ந்த கோபுரக் கலங்களில் இடைவிடாமல் வடிக்கப்படுகிறது. அன்று ஐரிஷ் வடிப்போர் பலர் சுவையற்றதென்று புறக்கணித்த இம்மென்சாராயம், இன்று செப்புக் கொப்பரைச் சரக்குடன் கலக்கப்பட்டு ஜேம்ஸனாகிறது.

நீர் சேர்த்து வீரியம் தணித்த சாராயத்தை, முன்பு வேறு மதுவகைகளான போர்பனோ ஷெர்ரியோ இருந்த ஓக் மரப் பீப்பாய்களில் அடைத்துக் கிடங்கில் வைப்பர். அயர்லாந்துத் தீவிலேயே, 700 லிட்டருக்கு மேற்படாத மரப் பீப்பாயில், குறைந்தது 3 ஆண்டுகள் முதிர்ந்தாலன்றி அதை ஐரிஷ் விஸ்கி என்று விற்கச் சட்டம் இடந்தருவதில்லை. ஆண்டுதோறும் நூற்றுக்கு 2 பங்கு அளவில் ஆவியாகிக் குறைந்தாலும், மரத்தினின்று பொன்னிறமும் வனிலா மணமும் ஏறுகின்றன. பின்னர்ப் பல பீப்பாய்ச் சரக்குகளைக் கலந்து, மதுசாரம் நூற்றுக்கு 40 பங்குக்குக் குறையாதபடி நீர்சேர்த்துப் புட்டிகளில் அடைக்கின்றனர்.