காளான் அறிதலும் சமைத்தலும்: மதுரைச் சமவெளி

மதுரைச் சமவெளியில் காளான் இரண்டு வழிகளில் அடுப்புக்கு வருகிறது. மழைக்குப் பிறகு கரையான் புற்றை ஒட்டித் தானாக முளைப்பது ஒன்று. குடிலில் வைக்கோல் நிரப்பிய பைகளில் வளர்த்துச் சந்தைக்கு வருவது மற்றொன்று. வைகையின் வடகரையில் வீடுகள் நெருங்கிக் கிடக்கும் செல்லூரில் இன்று இரண்டாவதைத்தான் நம்ப முடியும். ஊருக்கு வெளியே, புன்செய்களிலும் கண்மாய்க் கரைகளிலும் முளைக்கும் முதலாவதுதான் சுவையில் உயர்ந்தது. ஆளைக் கொல்லும் தவறுக்கு இடம் தருவதும் அதுவே.

புற்றுக் காளான்

டெர்மிட்டோமைசிஸ் பேரினத்தைச் சேர்ந்தது. கரையான்கள் இதைப் பயிராக வளர்க்கின்றன. அவை தின்றுவரும் சருகும் மரத்தூளும் எச்சமாகி, புற்றுக்குள் கடற்பஞ்சு போன்ற அடைகளாகக் குவிகின்றன. அந்த அடையில் பூஞ்சை படர்கிறது. மரத்தில் உள்ள கடின நாரைப் பூஞ்சை சிதைத்துக் கொடுக்க, கரையான் அதை உண்கிறது. மண் ஆழம்வரை நனைந்ததும் அடையிலிருந்து ஒரு முளை மேலெழுந்து நிலத்தைத் துளைத்துக் குடை விரிக்கிறது. இடி இடித்தால் காளான் முளைக்கும் என்பார்கள். கோடை வெக்கைக்குப் பின் மண்ணை நனைக்கும் மழை இங்கே பெரும்பாலும் இடியோடுதான் வருகிறது என்பதால், காலக்கணக்காக அது தவறில்லை. கரையானின் துணையின்றிக் காளானை மட்டும் பண்ணையில் வளர்த்து விற்கும் முறை இன்னும் கைவரவில்லை.

தென்னிந்தியாவில் பரவலாகக் காணப்படும் டெர்மிட்டோமைசிஸ் ஹெய்மீ என்ற இனத்தை 1979-இல் விவரித்துப் பெயரிட்டவர் கே. நடராஜன். பேரினத்தை 1942-இல் வகுத்த பிரெஞ்சு அறிஞர் ரோஜர் ஹெய்மின் நினைவைத் தாங்கிய பெயர் அது. வெண்மையான குடை, நடுவில் கூராகத் துருத்தும் கடினக் குமிழ், தண்டில் வளையம், மண்ணுக்குள் அடைவரை நீளும் வேர் போன்ற பகுதி ஆகியவை இதன் அடையாளங்கள். இதே பேரினத்தில் சுண்டுவிரல் நகமளவே உள்ள சிறு காளானும் உண்டு. கரையான்கள் மேலே கொண்டுவந்து பரப்பும் அடைத்துகள்களில் அது கூட்டமாக முளைக்கிறது. ஆழ வேர் அதற்கு இல்லை.

பறிக்கும்போது ஒன்றை மட்டும் அடிவரை தோண்டி எடுத்துப் பார்க்க வேண்டும். மற்றவற்றைத் தரை மட்டத்தில் அறுப்பதே முறை. புற்றைக் கிளறிப் போட்டால் அடை சிதைந்து, அடுத்த மழைக்கு அந்த இடத்தில் ஒன்றும் வராது.

அடையாளம் காணும் முறை

வெள்ளிக்காசு கறுத்தால் விஷம், மஞ்சளில் நிறம் மாறினால் விஷம், பூச்சி கடித்திருந்தால் நல்லது என்று சொல்லப்படும் சோதனைகளில் ஒன்றுகூட உண்மையில்லை. எல்லாக் காளானுக்கும் பொதுவான விதி எதுவும் கிடையாது. ஓர் இனத்தை அதன் முழு உடலோடு அறிந்துகொள்வது, பிறகு அடுத்ததற்குப் போவது என்ற ஒரே பாதைதான் உண்டு. ஆண்டுக்கு ஓர் இனம் கற்றால் போதும் என்பது இக்கட்டுரையாளரின் உறுதியான கருத்து.

குடை, குடையின் அடியில் உள்ள செவுள், வளையம், தண்டின் அடியைச் சூழ்ந்த அடிக்கிண்ணம், முளைத்த இடம் ஆகியவற்றோடு வித்துப் பதிவையும் பார்க்க வேண்டும். தண்டை அறுத்துவிட்டு, குடையைச் செவுள் கீழே இருக்கும்படி பாதி வெள்ளை, பாதி கறுப்பான தாளில் வைத்து, டம்ளரால் மூடி ஓர் இரவு விட்டால், உதிர்ந்த வித்துத்தூள் நிறம் காட்டும். புற்றுக் காளானுக்கும் வைக்கோல் காளானுக்கும் அது இளஞ்சிவப்பு. பால் காளானுக்கு வெள்ளை. மொட்டுக் காளானுக்கு அடர்பழுப்பு.

பச்சை நிறம் விழுந்தால் அது குளோரோபில்லம் மாலிப்டைட்டிஸ். புல்வெளிகளிலும் தோட்டங்களிலும் மழைக்குப் பின் வரும் இந்தப் பெரிய வெள்ளைக் குடை, வெப்பநாடுகளில் காளான் நச்சுக்கு முதன்மையான காரணங்களில் ஒன்று. இதற்கும் வளையம் உண்டு, மேலே பழுப்புச் செதில் உண்டு. இளமையில் செவுளும் வெள்ளையாகவே இருப்பதால் கண்ணை நம்பினால் ஏமாற்றும். கூர்க்குமிழும் ஆழ வேரும் இதற்கு இல்லை. தின்ற சில மணி நேரத்திலேயே கடும் வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரும்.

அமானிட்டா பேரினத்தின் கொல்லும் வகைகள் இதைவிடக் கொடியவை. அவற்றின் நஞ்சு கொதிக்க வைத்தாலும் அழியாது. 6 மணி நேரத்துக்கும் மேலாக ஒன்றும் தெரியாமல் இருந்து, பிறகு வயிற்றைப் பிடித்து, சற்றுத் தேறியது போலக் காட்டி, அதன் பின்னரே ஈரலை அழிக்கும். வைக்கோல் காளானைப் போலவே இவற்றுக்கும் அடிக்கிண்ணம் இருப்பதால், தென்கிழக்காசியாவிலிருந்து அமெரிக்கா சென்று குடியேறிய பலர் ஊர்க்காளான் என்று எண்ணி இவற்றைத் தின்று இறந்திருக்கிறார்கள். வித்துப் பதிவு இங்கே வெள்ளை. சந்தேகப்படும்படி எதையாவது தின்றுவிட்டால் வாந்தி வரட்டும் என்று காத்திராமல், மீதிக் காளானையும் கையில் எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போக வேண்டும். செல்லூருக்கு அரசு இராசாசி மருத்துவமனை பக்கத்திலேயே இருக்கிறது.

இனம் சரியாக இருந்தாலும் இடம் கெட்டிருக்கலாம். ஈயம், காட்மியம் போன்ற உலோகங்களைக் காளான் உறிஞ்சிச் சேர்த்துக்கொள்ளும். ஆகவே சாக்கடை கலக்கும் நீர்நிலைகளின் கரையிலும், போக்குவரத்து மிகுந்த சாலையோரத்திலும் முளைப்பதைத் தொடக்கூடாது.

வளர்ப்புக் காளான்கள்

1940-களின் தொடக்கத்தில் கோவையில் கே. எம். தாமஸ் குழுவினர் வைக்கோல் காளானை வளர்த்துக் காட்டினார்கள். இந்தியக் காளான் வளர்ப்பின் தொடக்கங்களில் அது ஒன்று. மதுரை வட்டாரத்துக்கு ஏற்றது பால் காளான். 1974-இல் கல்கத்தாப் பகுதியிலிருந்து விவரிக்கப்பட்ட இந்த இனத்தில், தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் 1998-இல் ஏபிகே 2 என்ற ரகத்தை வெளியிட்டது. மதுரைக்குத் தெற்கே இருக்கும் அருப்புக்கோட்டை ஆராய்ச்சி நிலையமே அந்தப் பெயரின் மூலம். 30 முதல் 35 பாகை செல்சியஸ் வெப்பத்தில் நன்றாக வளர்வதால் நம் வெயிலுக்கு இதைவிடப் பொருத்தமான காளான் இல்லை. சிப்பிக் காளானுக்குச் சற்றுக் குளிர்ந்த குடில் வேண்டும். ஒத்தக்கடை அருகே 1965-இல் தொடங்கிய வேளாண்மைக் கல்லூரியின் வழியே எம்டியு என்ற பெயரில் சிப்பிக் காளான் ரகங்கள் வந்தன. மொட்டுக் காளான் குளிர்நிலப் பயிர். இங்கே அது வெளியிலிருந்துதான் வருகிறது.

சமையல்

காளானில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். அகலமான வாணலியில் தீயைக் கூட்டி, கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டால்தான் அந்த நீர் வற்றி வதங்கும். நெருக்கிப் போட்டால் தன் நீரிலேயே அவியும். உப்பைக் கடைசியில் சேர்ப்பது நல்லது. காளானின் செல் சுவரில் இருக்கும் கைட்டின் வெப்பத்தில் கரையாது. அதனால் கூடுதலாக வெந்தாலும் குழையாது. பச்சையாக உண்ணாமல் இருப்பதே எல்லா வகைக்கும் பாதுகாப்பு.

சிப்பியைக் கத்தியால் வெட்டாமல் செவுள் வாக்கில் கையால் கிழித்து, கடினமான அடியை நீக்கிச் சில நிமிடம் வதக்கினால் போதும். பால் காளானின் தண்டு நார்ப்பிடிப்பானது. மெல்லியதாக அரிந்து, மிளகும் சோம்பும் அரைத்த மசாலாவில் நிதானமாக வேகவிட்டால் சால்னாவுக்கும் பிரியாணிக்கும் ஈடுகொடுக்கும். புற்றுக் காளானுக்கு மசாலாவே வேண்டியதில்லை. பறித்த அன்றே மண்ணைக் கழுவி, நல்லெண்ணெயில் சின்ன வெங்காயத்தோடு வதக்கி, மிளகும் சீரகமும் தட்டிப் போட்டால் அதன் மணம் அப்படியே நிற்கும். பட்டையும் கிராம்பும் அதைக் கெடுத்துவிடும். மாலை நேரத் தள்ளுவண்டிகளில் காளான் என்று கிடைப்பதில் முட்டைக்கோஸே மிகுதி. அது தனிப் பண்டம், அதன் ருசி அதற்கு.

பால் காளான் குளிர்பெட்டியில் சில நாள் தாங்கும். சிப்பி சீக்கிரம் துவண்டுவிடும். வைக்கோல் காளானை மட்டும் குளிர்பெட்டியில் வைக்கக்கூடாது, கசிந்து கூழாகிவிடும். குடை விரியாத முட்டைப் பருவத்தில் வாங்கி அன்றைக்கே சமைக்க வேண்டும்.