நகர்த்தும் குளிரூட்டி: வாடகை வீட்டு ஏசியின் வரலாறு

நகர்த்தும் குளிரூட்டி என்பது கம்ப்ரசர், குளிர்ச்சுருள், வெப்பச்சுருள், விசிறிகள் ஆகிய அனைத்தையும் ஒரே பெட்டிக்குள் அடக்கி, அடியில் சக்கரம் பொருத்தி, வெப்பக் காற்றை வெளியேற்ற ஒரு தடித்த குழாயை மட்டும் ஜன்னலுக்கு நீட்டும் ஏசி வகையாகும். கடைகளில் இதைப் போர்ட்டபிள் ஏசி என்பார்கள். சுவரில் துளையிட வேண்டாம், வெளிச்சுவரில் இரும்புத் தாங்கி அடிக்க வேண்டாம், வீடு மாறும்போது கையோடு கொண்டு போகலாம். ஆகவே வாடகைக்குக் குடியிருப்பவர் முதலில் தேடுவது இதைத்தான். அதே அளவு மின்சாரத்திற்கு மற்ற ஏசிகளைவிடக் குறைவாகக் குளிர்விப்பதும் இதுதான். இரண்டிற்கும் காரணம் ஒன்றே என்பது இப்பொறி உருவான கதையைப் பார்த்தால் விளங்கும்.

பனிக்கட்டி தந்த அளவு

ஏசி வாங்கப் போகிறவர் கேட்கும் முதல் கேள்வி 'எத்தனை டன்?' என்பது. அந்த டன் பொறியின் எடை அன்று. 19ஆம் நூற்றாண்டில் குளிர்ச்சி என்றால் பனிக்கட்டி. பாஸ்டனைச் சேர்ந்த வணிகர் ஃபிரெடரிக் டியூடர் குளங்களில் உறைந்த பனியை அறுத்து, மரத்தூளில் பொதிந்து, கப்பலேற்றி விற்றார். 1833இல் கல்கத்தாவிற்கு அவருடைய பனிக்கட்டி வந்தது. சென்னைக் கடற்கரையில் 1842இல் அவருடைய நிறுவனம் கட்டிய சேமிப்புக் கிடங்குதான் ஐஸ் ஹவுஸ். இன்று அது விவேகானந்தர் இல்லம்.

இயந்திரத்தால் குளிரூட்டும் தொழில் வந்தபோது அதன் ஆற்றலைப் பழக்கப்பட்ட அளவிலேயே சொன்னார்கள். 2,000 பவுண்டு பனிக்கட்டி 24 மணி நேரத்தில் உருகும்போது உறிஞ்சும் வெப்பம் ஒரு டன் எனப்பட்டது. ஒரு பவுண்டு பனி உருக 144 பிடியூ வெப்பம் வேண்டும். பெருக்கி வகுத்தால் மணிக்கு 12,000 பிடியூ வரும். இன்றைய அலகில் சுமார் 3.5 கிலோவாட். பனிக்கட்டிக் கப்பல்கள் எப்போதோ நின்றுவிட்டன. அளவு மட்டும் விலைச்சீட்டில் மிஞ்சியிருக்கிறது.

அச்சகத்திலிருந்து ஜன்னலுக்கு

1902இல் வில்லிஸ் கேரியர் நியூயார்க்கின் புரூக்ளினில் ஓர் அச்சகத்திற்காக வடிவமைத்த அமைப்பே நவீன ஏசியின் தொடக்கமாகக் கொள்ளப்படுகிறது. அங்கே பிரச்சினை வியர்வை அன்று. காற்றின் ஈரத்தால் காகிதம் விரிந்து சுருங்கி வண்ணங்கள் இடம் பிசகின. அடுத்த இருபது ஆண்டுகள் குளிரூட்டல் ஆலைகளுக்கும் பிறகு திரையரங்குகளுக்கும் உரியதாகவே இருந்தது. 1929இல் ஃபிரிஜிடேர் நிறுவனம் வீட்டு அறைக்கென ஒரு குளிரூட்டியை விற்றது. ஆனால் அதன் கம்ப்ரசர் பகுதியை வேறிடத்தில் வைத்துக் குழாய் இழுக்க வேண்டும். சொந்த வீடு இல்லாதவருக்கு அது எட்டாக்கனி.

இன்னொரு தடையும் இருந்தது. அக்காலக் குளிர்பதன வாயுக்கள் அம்மோனியா, சல்பர் டை ஆக்சைடு, மீத்தைல் குளோரைடு போன்றவை. கசிந்தால் ஆபத்து. படுக்கையறையில் இவற்றை வைக்க யார் துணிவார்கள்? 1928இல் தாமஸ் மிட்ஜ்லியின் குழு ஃபிரீயானைக் கண்டறிந்தது. அது தீப்பற்றாது, நஞ்சும் அன்று. ஓசோன் படலத்தை அது அரிக்கும் என்பது தெரியவர அரை நூற்றாண்டு ஆயிற்று. ஆனால் முழுப் பொறியையும் ஒரே பெட்டியில் அடைத்து மனிதர் தூங்கும் அறையில் வைக்க வழிவிட்டது அந்த வாயுதான்.

ஷுல்ட்ஸ், ஷெர்மன் ஆகிய இருவர் 1931இல் ஜன்னல் விளிம்பில் அமரும் ஒரு பொறிக்குக் காப்புரிமை கோரினர். இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஹென்றி கால்சனின் சிறிய வடிவமைப்புகள் வந்தபோது விலை இறங்கியது. 1947இல் மட்டும் அவ்வகையில் 43,000 விற்றன. ஜன்னல் ஏசியின் உண்மையான புதுமை குளிர்ச்சியில் இல்லை என்பேன். கட்டடப் பொறியாளரையும் வீட்டு உரிமையாளரையும் கேட்காமல், குடியிருப்பவரே கடையில் வாங்கி வந்து மாட்டிக்கொள்ளலாம் என்பதே அதன் புதுமை. அந்த வகையில் முதல் வாடகை வீட்டு ஏசி இதுதான்.

இத்தாலியின் பெங்குயின்

ஜன்னல் ஏசி அமெரிக்காவில் பரவியதற்கு அங்குள்ள ஜன்னலும் ஒரு காரணம். கீழ்ச்சட்டத்தை மேலே தூக்கிவிட்டு, இடைவெளியில் பெட்டியைச் செருகி, சட்டத்தை அதன் மேல் இறக்கிவிடலாம். ஐரோப்பாவில் கதவுபோல் உள்பக்கம் திறக்கும் ஜன்னல்களே அதிகம். பெட்டி உட்கார இடமில்லை. பழைய நகரங்களில் கட்டட முகப்பில் எதையும் தொங்கவிடக் கட்டுப்பாடுகள் வேறு.

இந்தச் சூழலில்தான் இத்தாலியின் டெலாங்கி நிறுவனம் 1986இல் 'பிங்குவினோ' என்ற சக்கரம் வைத்த குளிரூட்டியைக் கொண்டுவந்தது. பெயருக்குப் பெங்குயின் என்று பொருள். பெட்டியை ஜன்னலுக்குக் கொண்டுபோக முடியாவிட்டால் ஜன்னலைப் பெட்டிக்குக் கொண்டுவருவது, அதாவது ஒரு குழாயால் இணைப்பது, இதன் உத்தி. இன்றும் கடையில் காணும் பெரும்பாலான போர்ட்டபிள் ஏசிகள் இந்த வடிவத்தையே பின்பற்றுகின்றன.

ஒற்றைக் குழாயின் கணக்கு

குறை அந்தக் குழாயிலேயே இருக்கிறது. வெப்பச்சுருளைக் குளிர்விக்கக் காற்று வேண்டும். ஒற்றைக் குழாய்ப் பொறி அதை அறையிலிருந்தே எடுத்து, சூடாக்கி, வெளியே தள்ளுகிறது. அறையை விட்டுப் போகும் காற்றுக்கு ஈடாக அதே அளவு காற்று எங்கிருந்தாவது உள்ளே வந்தாக வேண்டும். கதவிடுக்கு, ஜன்னல் சந்து, குளியலறையின் வெளியேற்று விசிறித் துளை என எல்லா வழியாகவும் வெளிவெப்பம் நுழைகிறது.

12 அடி நீளம், 10 அடி அகலம், 10 அடி உயரமுள்ள அறையில் சுமார் 34 கனமீட்டர் காற்று இருக்கும். பொறி மணிக்கு 340 கனமீட்டர் வெளியேற்றுவதாக வைத்துக்கொண்டால், அறையின் மொத்தக் காற்றும் ஆறு நிமிடத்திற்கு ஒருமுறை மாறிவிடுகிறது. காசு கொடுத்துக் குளிர்வித்த காற்று அது. போதாக்குறைக்கு, சூடான குழாயும் அறைக்குள்ளேயே கிடந்து வெப்பத்தைத் திருப்பித் தருகிறது.

இரட்டைக் குழாய்ப் பொறியில் இந்தச் சிக்கல் பெருமளவு தீர்கிறது. ஒரு குழாய் வெளிக்காற்றை இழுத்து வெப்பச்சுருளுக்குத் தரும், மற்றது வெளியேற்றும். அறைக்காற்று அறையிலேயே சுழலும். விலை கூடுதல், பொருத்துவதும் சற்றுச் சிரமம். ஆனால் நாள் முழுதும் ஓட்டப்போகிறவர், கிடைக்குமானால், இதைத்தான் வாங்க வேண்டும். ஒற்றைக் குழாய் ஒரு சிறு அறையில் இரவு உறங்கும் நேரத்திற்குப் போதும்.

பெட்டியில் அச்சிட்ட எண்

இந்தக் கசிவைப் பழைய சோதனை முறை கணக்கில் எடுக்கவில்லை. அதனால் பெட்டியில் 14,000 பிடியூ என்றிருக்கும். வீட்டில் அதற்குரிய குளிர்ச்சி வராது. அமெரிக்க எரிசக்தித் துறை 2016இல் புதிய சோதனை முறையை வகுத்தது. உள்ளே இழுக்கப்படும் வெளிவெப்பத்தையும் குழாய் விடும் வெப்பத்தையும் கழித்துவிட்டு மிஞ்சுவதைப் 'பருவத்திற்கேற்பத் திருத்திய குளிர்திறன்' என்று தனி எண்ணாகக் கொடுக்கிறது இம்முறை. பழைய கணக்கில் 14,000 என விற்கப்படும் ஒற்றைக் குழாய்ப் பொறி இதில் 10,000ஐத் தொடாமல் நிற்பது சாதாரணம். குறைந்தபட்சத் திறனை வரையறுக்கும் விதி 2020 ஜனவரியில் வெளியாகி, 2025 ஜனவரி 10 முதல் நடைமுறைக்கு வந்தது. இரண்டு எண்கள் அச்சிடப்பட்டிருந்தால் சிறியதை நம்புவது நல்லது.

ஐரோப்பிய ஒன்றியம் வேறு வழியில் போனது. 2012ஆம் ஆண்டின் விதிப்படி குழாய் வைத்த குளிரூட்டிகளின் ஒலித்திறன் 65 டெசிபலுக்கு மேல் போகக்கூடாது. கம்ப்ரசர் தலைமாட்டிலேயே ஓடும் பொறிக்கு இது தேவையான விதிதான். வாயுவிலும் அங்கே மாற்றம் வந்தது. 2020 முதல், புவி வெப்பமாக்கும் மதிப்பு 150 அல்லது அதற்கு மேற்பட்ட ஹைட்ரோஃபுளோரோகார்பன் வாயு நிரப்பிய நகர்த்தும் குளிரூட்டிகளை ஐரோப்பியச் சந்தைக்குக் கொண்டுவரத் தடை. 2,000ஐத் தாண்டிய மதிப்புள்ள ஆர்-410ஏ போய், புரோப்பேன் எனும் ஆர்-290 வந்தது. புரோப்பேன் தீப்பற்றக்கூடியது, ஆகையால் மிகச் சிறிய அளவே நிரப்பப்படுகிறது. பழைய வாயுக்களைக் கைவிட்டதற்கு ஆபத்தே காரணம் என்பதை நினைத்தால், இது ஒரு விசித்திரமான வட்டம்.

வெப்பமும் வாடகைச் சட்டமும்

போர்ட்டபிள் ஏசி நெடுங்காலம் ஆடம்பரப் பொருளாகவே கருதப்பட்டது. 2003 கோடையில் ஐரோப்பாவில் வெப்ப அலையால் 70,000க்கும் மேற்பட்டோர் இறந்ததாகக் கணக்கிடப்பட்டது. 2021 ஜூன் இறுதியில் வட அமெரிக்காவின் மேற்குக் கரையை வெப்பம் தாக்கியது. கனடாவின் லிட்டன் என்ற ஊரில் 49.6 பாகை செல்சியசு பதிவாயிற்று. பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் மட்டும் 619 பேர் வெப்பத்தால் இறந்தனர் என்று அம்மாகாண மரண விசாரணை அலுவலகம் கூறியது. அவர்களில் 98 விழுக்காட்டினர் வெயிலில் விழுந்தவர்கள் அல்லர், வீட்டுக்குள் இறந்தவர்கள். பாதிக்கும் மேற்பட்டோர் தனியாக வாழ்ந்தவர்கள், பெரும்பாலோர் முதியோர்.

குளிரான ஊர் என்பதால் அங்கே வீடுகளில் ஏசி இல்லை. மாட்ட நினைத்தாலும் பல வாடகை ஒப்பந்தங்கள் அனுமதிக்கவில்லை. 2022இல் ஓரிகன் மாநிலம் ஒரு சட்டம் இயற்றியது. மின்சுமை, கட்டட விதி, தப்பிக்கும் வழியான ஜன்னல் போன்ற பாதுகாப்புக் காரணங்கள் இருந்தாலன்றி, குடியிருப்பவர் தம் சொந்த நகர்த்தும் குளிரூட்டியை வைப்பதை உரிமையாளர் தடுக்க முடியாது என்றது அது. பிரிட்டிஷ் கொலம்பியா 2023இல் ஒரு கோடி டாலர் ஒதுக்கி, குறைந்த வருவாயுள்ள, வெப்பத்தால் பாதிக்கப்படக்கூடிய குடும்பங்களுக்கு 8,000 போர்ட்டபிள் ஏசிகளை இலவசமாகத் தருவதாக அறிவித்தது. சுவரைத் தொடாமல், உரிமையாளரிடம் கெஞ்சாமல், சில நாட்களில் கொண்டுபோய்ச் சேர்க்கக்கூடிய பொறி வேறில்லை. திறன் குறைந்த பொறி என்ற விமர்சனம் சரிதான். அந்த 619 பேரின் அறைகளில் அதுவும் பெரும்பாலும் இருக்கவில்லை.

தமிழ்நாட்டு வாடகை வீட்டில்

இங்கே முதலில் தெளிவுபடுத்த வேண்டியது பெயர்க் குழப்பம். தண்ணீர் ஊற்றும் ஏர் கூலரையும் சிலர் போர்ட்டபிள் ஏசி என்று விற்கிறார்கள். கூலர் நீரை ஆவியாக்கிக் குளிர்விப்பது, வெட்டிவேர்த் தட்டியில் தண்ணீர் தெளிப்பதன் விசிறி வடிவம். வறண்ட டெல்லிக் கோடையில் அது நன்றாக வேலை செய்யும். ஏற்கெனவே ஈரம் நிறைந்த சென்னை, தூத்துக்குடிக் காற்றில் புழுக்கத்தைத்தான் கூட்டும். வெளியேற்றும் குழாய் இல்லையென்றால் அது ஏசி இல்லை.

நம் ஜன்னல்களில் கம்பி உண்டு. பொறியோடு வரும் பிளாஸ்டிக் பட்டை நகரும் கண்ணாடி ஜன்னலுக்கு ஏற்றது. கம்பி ஜன்னலுக்குப் பொருந்தாது. குழாயின் வாயைக் கம்பியை ஒட்டி நிறுத்தி, சுற்றிலும் பிளைவுட் பலகையால் அடைத்தால் போதும். குழாயை நீட்டிக் கூடத்திலோ குளியலறையிலோ விட்டால் வெப்பம் கதவு வழியே திரும்பி வந்துவிடும். ஒரு டன் பொறி 1,200 வாட்டுக்கு மேல் இழுக்கலாம்; 6 ஆம்பியர் பிளக்கின் எல்லை 230 வோல்ட்டில் 1,380 வாட்டு. பழைய வீட்டின் படுக்கையறையில் 16 ஆம்பியர் பிளக் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் கடைக்குப் போக வேண்டும்.

காற்றிலிருந்து பிரியும் நீரை வெப்பச்சுருளில் தெளித்து ஆவியாக்கிக் குழாய் வழியே வெளியேற்றுவதாகப் பல பொறிகள் சொல்கின்றன. கடலோர ஈரத்திற்கு அது ஈடுகொடுக்காது. தொட்டி நிறைந்தால் பொறி நடு இரவில் தானே நின்றுவிடும். பின்பக்க வடிகுழாயைத் திறந்து, பொறியைச் சற்று உயரமான பலகையில் ஏற்றி, கீழே ஒரு வாளி வைத்துவிட்டுப் படுக்கலாம்.