மடியை விட்டு எழுந்த கிடார்

1915 சான்பிரான்சிஸ்கோ பொருட்காட்சிக்குப் பிறகு அமெரிக்காவுக்கு ஹவாய் இசைப் பைத்தியம் பிடித்தது. கிடாரை மடியில் கிடத்தி, கம்பிகள் மேல் இரும்புத் துண்டை நகர்த்தி வாசிப்பார்கள். அதற்கென்றே 1934-ல் கிப்சன் கம்பெனி, ராய் ஸ்மெக் என்ற கலைஞர் பெயரில் கிடார் போட்டது. கம்பிகள் உயரத்தில் நிற்கும். ஃப்ரெட்டுக்குப் பதில் பலகையோடு சமமாய் வெறும் கோடுகள். விரலால் அழுத்தி வாசிக்கவே முடியாது! மின்சார ஸ்டீல் கிடார் பரவியதும் இவை மூலைக்குப் போயின.

பிறகு சிலர் ஃப்ரெட் பதித்து, கம்பிகளைத் தாழ்த்தி, நேராக இருந்த சேடிலைச் சுருதி சேரும்படி சாய்த்து வைத்தார்கள். சேகரிப்பாளர்கள் 'ஒரிஜினல் போச்சே' என்று புலம்பினார்கள். பி.காம். படிக்கிறவன் நான், அந்தக் கணக்கு எனக்கும் புரிகிறது. ஆனால் ஜாக்சன் பிரவுன் வாசித்தது அப்படி மாற்றிய ராய் ஸ்மெக்கைத்தான். 2011-ல் கிப்சனே அந்த அமைப்பில், அவர் பெயரிலேயே புதுக் கிடார் விற்றது!