அப்பாரு எந்தக் கணக்குல வர்றாரு?

இந்த வாரம் எங்க ஊருக்குப் போகலாம். பவானி. ஜமக்காளத்துக்குப் பேர் போன ஊர். காவிரியும் பவானியும் சேர்ற கூடுதுறையும் இங்கதான் இருக்கு. திதி கொடுக்க, அஸ்தி கரைக்க அக்கம்பக்கத்து மாவட்டங்கள்ல இருந்தெல்லாம் இங்க வருவாங்க.

2021 மே கடைசி. தினசரி கொரோனா தொற்றுல சென்னையையே கோயம்புத்தூர் முந்தின நேரம். அப்பதான் எங்க அப்பாரு போனார். அப்பாவோட அப்பாவை எங்க பக்கம் அப்பாருன்னுதான் கூப்பிடுவோம். நாலு நாள் காய்ச்சல், அப்புறம் மூச்சு வாங்கல். எங்கயும் படுக்கை கிடைக்கல, வீட்லயே முடிஞ்சு போச்சு. டெஸ்ட் எடுக்கவே இல்ல. இறப்பைப் பதிஞ்சப்ப, காரணம்ங்கிற இடத்துல "மூச்சுத்திணறல்"னு எழுதினாங்க.

சில மாசம் கழிச்சு, கொரோனாவுல இறந்தவங்க குடும்பத்துக்கு 50,000 ரூபாய் நிவாரணம்னு அறிவிப்பு வந்துச்சு. அதுக்கு டெஸ்ட் ரிசல்ட் வேணும், இல்லன்னா கொரோனாதான்னு டாக்டர் உறுதி பண்ணின ஆவணம் வேணும். எங்ககிட்ட ரெண்டுமே இல்ல. ஆத்தா கேட்டது ஒண்ணுதான்: "பணத்தை விடு கண்ணு. உங்க அப்பாரு எந்தக் கணக்குல வர்றாரு?"

அந்தக் கேள்விக்குப் பதில் தேடித்தான் இந்த எபிசோட்.

ஒரு கொள்ளைநோய்ல எத்தனை பேர் செத்தாங்கன்னு கண்டுபிடிக்க ரெண்டு வழி இருக்கு. ஒண்ணு, ஒவ்வொரு சாவுக்கும் காரணம் பார்த்து எண்ணுறது. இன்னொண்ணு, காரணத்தையே கேட்காம எண்ணுறது. உதாரணத்துக்கு, ஒரு ஊர்ல வழக்கமா வருஷத்துக்கு 400 சாவு பதிவாகுதுன்னு வச்சுக்கங்க. ஒரு வருஷம் மட்டும் 560 ஆயிருது. நோய்க் கணக்குல 20 பேர்தான் இருக்காங்க. அப்ப மீதி 140 பேர் யாரு? இந்த 160-ஐத்தான் "மிகை இறப்பு"ன்னு சொல்றோம்.

இது புது யோசனை இல்ல. 1847-ல லண்டன்ல இன்ஃப்ளூயன்ஸா பரவினப்போ, இங்கிலாந்தோட பதிவாளர் அலுவலகத்துல வேலை பார்த்த வில்லியம் ஃபார் இதைத்தான் செஞ்சார். அந்தப் பருவத்துல வழக்கமா எத்தனை சாவு, இப்ப எத்தனைன்னு ஒப்பிட்டார். இன்ஃப்ளூயன்ஸான்னு எழுதப்பட்டதைவிட ரொம்ப அதிகமான பேர் இறந்திருந்தது தெரிஞ்சுது.

நம்ம நாட்டுல இதோட பெரிய பாடம் 1918. முதல் உலகப்போர் முடியுற நேரத்துல வந்த அந்த ஃப்ளூவுக்கு டெஸ்ட் எதுவும் கிடையாது. கிராமங்கள்ல சாவைப் பதிஞ்சவங்க டாக்டர்கள் இல்ல, ஊர் அதிகாரிகள். காரணம் எழுதற இடத்துல பெரும்பாலும் ஒரே வார்த்தை: "காய்ச்சல்". மலேரியாவும் அதுதான், ஃப்ளூவும் அதுதான். அதனால காரணத்தை வச்சு எண்ணவே முடியாது. வழக்கத்தைவிட எவ்வளவு கூடுதல்னுதான் பார்க்கணும். முதல்ல வந்த அரசு மதிப்பீடு சுமார் 60 லட்சம். பின்னாடி, பதிவாகாம விட்டுப்போன சாவுகளையும் சேர்த்துப் பார்த்த ஆய்வாளர் ஐ. டி. மில்ஸ் 1.7 கோடிக்கு மேலன்னு கணக்கிட்டார். வேற சில ஆய்வுகள் இதைவிடக் குறைவா சொல்லுது. ஆனா ஒண்ணு உறுதி. மக்கள்தொகைக் கணக்கெடுப்புப்படி, 1911 முதல் 1921 வரையான பத்தாண்டுல இன்றைய இந்தியப் பரப்போட மக்கள்தொகை குறைஞ்சுது.

இப்ப 2020-க்கு வருவோம். சென்னை மாநகராட்சியோட இறப்புப் பதிவேட்டுல இருந்த கொரோனா சாவுகள் மாநிலக் கணக்குல இல்லன்னு சர்ச்சை வந்துச்சு. அரசு குழு போட்டு ரெண்டையும் ஒப்பிட்டுப் பார்த்தாங்க. ஜூலை 22-ஆம் தேதி ஒரே நாள்ல 444 இறப்புகளைப் பழைய கணக்குல சேர்த்தாங்க. பதிவேடு ஒழுங்கா இருந்ததாலதான் அந்தக் கேள்வியே வந்துச்சு.

2022 மே மாசம் உலக சுகாதார நிறுவனம் ஒரு மதிப்பீடு வெளியிட்டுச்சு. 2020, 2021 ரெண்டு வருஷத்துலயும் சேர்த்து இந்தியாவுல மிகை இறப்பு சுமார் 47 லட்சம். அரசோட கொரோனா கணக்கு அப்ப 4.8 லட்சம். மாதிரிகளை வச்சுப் போட்ட கணக்கு, ஏத்துக்க முடியாதுன்னு இந்திய அரசு மறுத்துருச்சு. அப்புறம் 2025 மே மாசம் அரசோட சொந்தப் பதிவுக் கணக்கே வெளியாச்சு. 2020-ல பதிவான சாவு சுமார் 81 லட்சம், 2021-ல சுமார் 102 லட்சம். ஒரே வருஷத்துல ஏறக்குறைய 21 லட்சம் அதிகம்.

உடனே "அந்த 21 லட்சமும் கொரோனா"ன்னு சொல்லிராதீங்க. எங்க ஊர் உதாரணத்தோட சொல்றேன். ஊரடங்கு தளர்ந்த பிறகு ஒரு அமாவாசைக்குக் கூடுதுறை போனேன். கால் வைக்க இடமில்ல. "இத்தனை பேரா செத்துட்டாங்க"ன்னு அப்பா மிரண்டு போயிட்டார். ஆனா யோசிச்சுப் பாருங்க. அதுல பாதிப் பேர், முன்ன வர முடியாததால தள்ளிப்போட்ட காரியத்துக்கு வந்தவங்களா இருக்கலாம். பதிவேட்டுக்கும் இதே சிக்கல்தான். 2020-ல ஆபீஸ் மூடி இருந்ததால பதியாத சாவு, 2021-ல பதிவாகியிருக்கலாம். முன்ன பதியவே மாட்டாத ஊர்கள் இப்ப பதிய ஆரம்பிச்சிருக்கலாம். மக்கள்தொகையில வயசானவங்க கூடினாலும் எண்ணிக்கை ஏறும்.

இன்னொரு பக்கம், ஊரடங்குல ரோட்ல வண்டி இல்லாததால விபத்துச் சாவு குறைஞ்சுது. அது கொரோனா சாவுல கொஞ்சத்தை மறைச்சிரும். நெஞ்சுவலி வந்து ஆம்புலன்ஸ் கிடைக்காம போனவர்? அவருக்குக் கொரோனா இல்ல, ஆனா கொரோனாக் காலம்தான் அவரைக் கொன்னுச்சு. மிகை இறப்புக் கணக்குல அவரும் வருவார். இவ்வளவு குழப்பம் இருந்தும் இந்த முறை ஏன் வேணும்? இந்தியாவுல பதிவாகுற சாவுகள்ல, டாக்டர் காரணம் எழுதிச் சான்று கொடுக்கறது நாலுல ஒண்ணைவிடக் குறைவு. அப்புறம் காரணத்தை வச்சு எப்படி எண்ணுறது?

இதையெல்லாம் ஆத்தாகிட்ட சொன்னேன். பொறுமையா கேட்டாங்க. "அப்ப அந்தப் பெரிய நம்பர்ல உங்க அப்பாரு இருக்காரா?"

இருக்காருன்னு சொன்னேன். அவரைப் பதிஞ்சிருக்கோம், அந்த 102 லட்சத்துல அவர் ஒருத்தர். ஆனா வழக்கமா போனவங்க யாரு, அதிகப்படியா போனவங்க யாருன்னு அந்தக் கணக்கு பேர் சொல்லிக் காட்டாது. இவரு கொரோனாவுலதான் போனாருன்னு அதை வச்சு யாராலயும் நிரூபிக்க முடியாது.

ஆத்தா கொஞ்ச நேரம் பேசல. அப்புறம் சொன்னாங்க: "எழுதி வச்சது நல்லதாப் போச்சு சாமி. இல்லன்னா அதுலயும் இருந்திருக்க மாட்டாரு."

உங்க வீட்ல யாராவது தவறினா, 21 நாளுக்குள்ள பதிவு பண்ணிருங்க மக்களே. காரணம்னு என்ன எழுதறாங்கன்னு பக்கத்துல நின்னு பாருங்க. அடுத்த வாரம் சந்திப்போம்.