ரைனோஸ்போரிடியோசிஸ்

மூக்கின் உட்சவ்வில் சிவந்த சதை வளர்ந்து, மூக்கை அடைத்து, தொட்டால் ரத்தம் கசியும் நாள்பட்ட தொற்று இது. சில வேளை கண்ணிமையின் உட்புறத்திலும் வரும். புவெனோஸ் ஐரிஸில் கியேர்மோ சீபர் 1900-இல் தம் ஆய்வேட்டில் இதை விவரித்து, காரணம் ஓரணு ஒட்டுண்ணி என்றார். 1903-இல் கல்கத்தாவிலிருந்து ஓ'கினீலி இந்நோயைப் பற்றி எழுதினார். 1923-இல் எடின்பரோவின் ஆஷ்வொர்த் கிருமியின் வளர்ச்சிப் படிகளை ஆராய்ந்து, அது பூஞ்சை என்று முடிவுகட்டினார். அந்த முடிவு முக்கால் நூற்றாண்டு நிலைத்தது. 1990களின் இறுதியில் வந்த மரபணு ஆய்வுகள், மீன்களைத் தாக்கும் நீர்வாழ் ஒட்டுண்ணிகளே இதன் நெருங்கிய உறவினர் என்று காட்டின.

நோயின் வேர் தண்ணீரில்தான் என்பதற்கு இந்த உறவு வலுவான சான்று. ஆனால் சந்தேகம் அதற்கும் முந்தியது: ஆற்றில் மூழ்கி மணல் அள்ளுவோரிடம் நோய் கூடுதலாக இருப்பதை 1930களிலேயே இந்திய மருத்துவர்கள் கவனித்திருந்தார்கள். உலகிலேயே இந்தியாவிலும் இலங்கையிலும்தான் நோயாளிகள் மிகுதி. தமிழகத்தில் ராமநாதபுரம், சிவகங்கை, மதுரைப் பகுதிகள், அதாவது மாடும் மனிதரும் ஒரே ஊருணியில், ஒரே கண்மாயில் குளிக்கும் வறண்ட சீமை. அப்படியானால் இது இனவழி வரும் பலவீனமாக இருக்கலாமே என்று கேட்கலாம். தமிழக மாவட்டங்களிலிருந்து கங்காணிகள் திரட்டிச் சென்றவர்களின் வழிவந்தோர் மலேசியாவில் ரெம்பாவ் முதலான நெகிரி செம்பிலான் தோட்டப்புறங்களில் தலைமுறைகளாக வாழ்கிறார்கள். மலேசியாவிலோ இந்நோய் அரிது. மறுபக்கம், 1990களில் செர்பியாவில் ஒரு தேங்கிய ஏரியில் நீந்தியவர்களுக்கு இது வந்தது. இடம்தான் மாறுகிறது, ரத்தமல்ல. ஒரே குளத்தில் ஊரே குளிக்க ஒரு சிலருக்கு மட்டும் ஏன் என்பது இதைவிடக் கடினமான கேள்வி. மணலோ தூசியோ சவ்வைக் கீறிய இடத்தில் கிருமி பற்றுகிறது என்பதே பொதுவான விளக்கம். அது பாதி விடைதான். செயற்கை ஊடகத்தில் இக்கிருமியை வளர்க்க முடியாதிருப்பதால் மீதியை ஆய்வகத்தில் சோதிப்பது எளிதல்ல.

வளர்த்துப் பார்க்க வழியில்லாததால், நோயறிதல் கண்ணையும் நுண்ணோக்கியையும் நம்பியே நிற்கிறது. சதையின் மேல் ஊசிமுனை அளவு வெண்புள்ளிகள் தெரியும். அவை முற்றிய வித்துப்பைகள். திசுவைச் சீவிப் பார்த்தால், தடித்த சுவருக்குள் சிறுவித்துகள் நெருங்கிக் கிடக்கும். இந்நோயைப் பார்த்துப் பழகாத ஊரில் சாதாரண மூக்குச் சதை என்று எடுத்துவிடும் அபாயம் உண்டு. ஆகவே ரெம்பாவ் மருத்துவமனைக்கு இத்தகைய சதையோடு வருபவரிடம் எந்த ஊரில், எந்த நீரில் குளித்தார் என்று கேட்பது பரிசோதனையின் ஒரு பகுதி. பூஞ்சை மருந்துகள் பெரும்பாலும் பயன்தருவதில்லை. சதையை அகலமாக வெட்டி, அடிப்பகுதியை மின்சூட்டால் கருக்குவதே முதன்மைச் சிகிச்சை. அப்போது சிந்தும் வித்துகளால் நோய் திரும்பவும் முளைக்கலாம். அதைக் குறைக்கத் தொழுநோய் மருந்தான டாப்சோனை மாதக்கணக்கில் கொடுப்பதுண்டு.